நரம்பன்று, சிரை



மன்ற இதழுக்குக் கட்டுரை வேண்டும் என்று செயலாளர் என்னைக் கேட்டபோது, "நீ விலங்கியல் படிக்கிறவன், அதனால் விஞ்ஞானம் எழுது, கதை எழுதாதே" என்று ஒரு நிபந்தனையும் விதித்தார். விஞ்ஞானந்தான் எழுதுகிறேன். ஆனால் அது என் வீட்டுக் கதையோடு பின்னிக் கிடக்கிறது. ஒன்றை விட்டு ஒன்றைச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

நம் பேச்சில் 'நரம்பு' என்று ஒரு சொல் இருக்கிறது. ஊசி போடும் செவிலி, "நரம்பு கிடைக்கவில்லை" என்கிறார். கிழவர் ஒருவர், "நரம்புத் தளர்ச்சி" என்கிறார். முதலாமவர் சொல்வது குருதி ஓடும் குழாய். இரண்டாமவர் சொல்வது மூளையின் ஆணையைத் தாங்கிச் செல்லும் இழை. இரண்டும் வேறு வேறு. பாடப் புத்தகம் முன்னதைச் சிரை என்றும் பின்னதை நரம்பு என்றும் பிரித்துச் சொல்லித் தருகிறது. தேர்வில் நாமும் பிரித்து எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறோம். வீட்டுக்கு வந்ததும் இரண்டையும் மீண்டும் ஒன்றாக்கிவிடுகிறோம். மலையாளத்திலும் இதே நிலைதான். அங்கும் 'ஞரம்பு' என்றால் இரண்டையும் குறிக்கும்.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்பீர்கள். என் பெரியம்மாவின் கதையைக் கேளுங்கள்.

எங்கள் குடும்பம் மூன்று தலைமுறைக்கு முன்பு திருநெல்வேலிச் சீமையிலிருந்து தேவிகுளம் மலைக்குக் கொழுந்து பறிக்க வந்த குடும்பம். அம்மாவும் பெரியம்மாவும் ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் வாழ்ந்தவர்கள். பெரியம்மா ஒல்லியான மேனி. கூடை சுமந்து மேடு ஏறினால் இளவட்டங்கள் பின்தங்குவார்கள். அப்படிப்பட்டவருக்கு நாற்பத்தாறு வயதில் முகம் வட்டமாக உப்பியது. வயிறு பெருத்தது, கையும் காலும் மெலிந்தன. மோவாயில் மயிர் முளைத்தது. இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் ஒரே சமயத்தில் வந்து சேர்ந்தன. குந்தி உட்கார்ந்தால் எழ முடியவில்லை. லயத்துப் பெண்கள் முதலில் "சதை போட்டுட்ட" என்று கேலி பேசினார்கள். பிறகு ஒதுங்கிப் பேசினார்கள். கொதிப்புக்கு ஒரு மாத்திரை, சர்க்கரைக்கு ஒரு மாத்திரை என்று ஓராண்டுக்கு மேல் ஓடிற்று. பிறகு இரண்டு காலும் ஒருசேர வீங்கின. அப்போதுதான் மலை இறங்கி ஒரு மருத்துவமனைக்குப் போனோம்.

நான் அப்போது இளங்கலை இரண்டாம் ஆண்டு. குடும்பத்தில் கல்லூரிப் படி மிதித்தவன் நான் ஒருவனே. ஆதலால் மருத்துவரின் பேச்சைக் கேட்டுச் சொல்லும் வேலை என்னுடையது ஆயிற்று. ஸ்கேன் படத்தைப் பார்த்த மருத்துவர், வெளியே வரிசையில் நின்ற கூட்டத்தையும் பார்த்துக்கொண்டு, அவசரமாகச் சொன்னார்: வலப்பக்க அட்ரினல் சுரப்பியில் பெரிய கட்டி, "வெயினிலேக்குக் கயறியிட்டுண்டு. இவிடெ பற்றில்ல."

பெரியப்பா என் முகத்தைப் பார்த்தார். "என்னய்யா சொல்லுதாரு?"

நான் சொன்னேன்: "நரம்புல பரவிட்டாம் பெரியப்பா. ஒண்ணும் முடியாதாம்."

தோழர்களே, அந்த ஒரே வரியில் இரண்டு பிழைகள் செய்தேன். சிரை என்பதை நரம்பு என்றேன். கேட்டவர்களுக்கு, உடம்பு முழுதும் உள்ள நரம்புகளில் நோய் ஓடிவிட்டது என்று பொருளாயிற்று. இரண்டாவது பிழை இதைவிடப் பெரிது. மருத்துவர் "இங்கே முடியாது" என்றார். நான் 'இங்கே' என்ற சொல்லை விட்டுவிட்டேன். வேண்டுமென்று விடவில்லை. எனக்கு மலையாளம் தெரியாமலும் இல்லை. அச்சத்தில் விட்டுப்போயிற்று. ஆனால் விட்டது விட்டதுதான். அன்று மாலையே பெரியம்மாவை ஜீப்பில் ஏற்றி மலைக்குத் திரும்பிவிட்டோம்.

நிற்க. இனி விஞ்ஞானத்துக்கு வருகிறேன்.

நம் சிறுநீரகங்கள் இரண்டின் உச்சியிலும் தொப்பி வைத்தாற்போல் இரண்டு சிறு சுரப்பிகள் உள்ளன. ஒவ்வொன்றும் நான்கு, ஐந்து கிராம் எடைதான். 1563இல் இத்தாலிய உடற்கூற்று அறிஞர் யூஸ்டாக்கி இவற்றைப் பற்றி எழுதினார். ஆயினும் இவை எதற்கு இருக்கின்றன என்று நெடுங்காலம் எவருக்கும் தெரியவில்லை. 1855இல் தாமஸ் அடிசன் என்ற ஆங்கில மருத்துவர், இச்சுரப்பிகள் கெட்ட நோயாளிகள் நலிந்து மடிவதை எடுத்துக்காட்டிய பிறகே இவற்றின் அருமை விளங்கிற்று. இவற்றின் புறணி கார்டிசால் முதலிய ஹார்மோன்களைச் சுரக்கிறது. அகணி அட்ரினலினைச் சுரக்கிறது. புறணியில் புற்று உண்டாகி, கார்டிசால் அளவு மீறிப் பெருகினால் முகம் உப்பும், வயிறு பெருக்கும், தசை கரையும், கொதிப்பும் சர்க்கரையும் ஏறும். ஆண்மை ஹார்மோனும் சேர்ந்து பெருகினால் பெண்ணுக்கு மீசை அரும்பும். கார்டிசால் மிகுதியால் வரும் இத்தோற்றத்துக்கு, அமெரிக்க மருத்துவர் ஹார்வி குஷிங்கின் பெயரே வழங்குகிறது. எங்கள் லயத்துப் பெண்கள் கேலி செய்த ஒவ்வொரு குறியும் மருத்துவ நூலில் வரி பிசகாமல் எழுதப்பட்டிருக்கிறது. முதுகலைக்கு வந்தபின் நூலகத்தில் அதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டேன்.

இந்தப் புற்று மிக அரியது. மேல்நாட்டுக் கணக்குப்படி பத்து இலட்சம் பேருக்கு ஆண்டொன்றுக்கு ஒருவருக்கோ இருவருக்கோ வருவது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இடுக்கி மாவட்டத்து மக்கள்தொகை ஏறக்குறைய 11 இலட்சம். அந்த வீதத்தையே இங்கும் கொண்டால், மாவட்டம் முழுவதிலும் ஆண்டுக்கு ஒருவர், மிஞ்சினால் இருவர்.

இப்புற்று சிரைக்குள் நுழைவது எப்படி? சுரப்பியிலிருந்து குருதி வெளியேறுவதற்கு ஒரு சிரை உண்டு. இடப்பக்கத்துச் சிரை, இடச் சிறுநீரகச் சிரையில் போய்ச் சேர்ந்து, அதன் வழியாகப் பெருஞ்சிரையை அடைகிறது. வலப்பக்கத்துச் சிரையோ மிகக் குட்டையானது. நேரே கீழ்ப் பெருஞ்சிரையில் திறக்கிறது. கால்களிலிருந்தும் வயிற்றிலிருந்தும் இதயத்துக்குத் திரும்பும் குருதிக்கெல்லாம் அந்தப் பெருஞ்சிரைதான் பெருவழி. சுரப்பியிலுள்ள புற்று இந்தக் குட்டைச் சிரை வழியே விரல்போல் நீண்டு பெருஞ்சிரைக்குள் எட்டிப் பார்க்கும். பிறகு குருதி ஓடும் திசையிலேயே வளரும், ஈரலின் பின்புறம் ஏறும், உதரவிதானத்தைக் கடக்கும், சிலருக்கு இதயத்தின் வலப்புற மேலறை வரைக்கும் போய்விடும். வழி அடைபடுவதால் கால்கள் வீங்குகின்றன. ஒரு துண்டு ஒடிந்து நுரையீரலுக்குப் போய் அடைத்தால் நொடியில் உயிர் போகலாம்.

இவ்வளவையும் கேட்டால், "இனி என்ன இருக்கிறது?" என்றுதான் தோன்றும். இங்கேதான் நாம் நின்று கவனிக்க வேண்டும். கிணற்றுக் குழாய்க்குள் வேர் புகுந்துவிட்டதைப் பார்த்திருக்கிறீர்களா? வேர் முழம் முழமாக நீண்டு கிடக்கும். ஆனால் குழாயைப் பற்றியிருப்பது பெரும்பாலும் நுழைந்த இடத்தில் மட்டுந்தான். நுழைந்த இடத்தை அறுத்து இழுத்தால் முழு வேரும் வழுக்கிக்கொண்டு வரும். சிரைக்குள் நீண்ட புற்றும் பல நோயாளிகளிடம் இப்படியே இருக்கிறது. சிரையின் சுவரைத் துளைத்து ஒட்டிக்கொள்வதும் உண்டு. அப்போது சுவரின் அப்பகுதியையும் வெட்டி எடுத்து ஒட்டுப்போட வேண்டும். எப்படியாயினும் சிரைக்குள் நுழைவது ஒன்று, நுரையீரலிலும் ஈரலிலும் எலும்பிலும் தொலைவாகப் பரவுவது வேறொன்று. ஐரோப்பிய ஆய்வாளர் வகுத்த நிலைப்பாகுபாட்டில் சிரைக்குள் நீண்ட புற்று மூன்றாம் நிலை. தொலைவுறுப்புகளுக்குப் பரவியதே நான்காம் நிலை. செர்மானியப் பதிவேட்டைக் கொண்டு 2009இல் வெளியிட்ட கணக்கில், மூன்றாம் நிலையாரில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஐந்தாண்டு கடந்தும் இந்நோய்க்கு இரையாகாமல் இருந்தனர். நான்காம் நிலையாரில் அவ்வாறு இருந்தவர் நூற்றுக்குப் பதின்மூவரே. மூன்றாம் நிலையில் சிரை நோயாளர் மட்டுமன்றி வேறு பலரும் அடங்குவர். ஆதலால் அந்தப் பாதியை அப்படியே இவர்களுக்குச் சொல்லிவிடக் கூடாது. ஆயினும் இரண்டு நிலைகளுக்கும் இடையே உள்ள தொலைவு கண்கூடு.

'நரம்பில் பரவிட்டாம்' என்று நான் சொன்ன சொல், என் பெரியம்மாவை மூன்றாம் நிலையிலிருந்து தூக்கி நான்காம் நிலையில் வைத்துவிட்டது. நோய் அப்போது அந்த வேலையைச் செய்யவில்லை. என் நாக்கு செய்தது.

அறுவை எப்படி நடக்கிறது என்பதையும் சுருங்கச் சொல்கிறேன். இந்தப் புற்றை முழுதாக வெட்டி எடுப்பது ஒன்றே குணமாகும் வாய்ப்பைத் தருகிறது. ஆதலால் சிரைக்குள் நீண்டுவிட்டாலும், வேறெங்கும் பரவாதவரையில் தேர்ந்த அறுவையர் முயன்று பார்க்கிறார்கள். சிறு துளை வழியாகச் செய்யும் வேலையன்று இது. வயிற்றை அகலத் திறந்து செய்வது. கட்டியின் உறை கிழிந்தால் புற்றணுக்கள் வயிற்றுக்குள் சிந்திப் புதிதாக முளைக்கும். எனவே கட்டியை உடையாமல் எடுக்க வேண்டும். பெருஞ்சிரைக்கு வழிவிட ஈரலை அதன் கட்டுகளிலிருந்து விடுவித்து ஒதுக்குகிறார்கள். புற்று நீண்டிருக்கும் பகுதிக்கு மேலும் கீழும் பெருஞ்சிரையை நாடா கட்டி நிறுத்துகிறார்கள். சிறுநீரகச் சிரைகளையும் நிறுத்துகிறார்கள். பிறகு சிரையைக் கீறி உள்ளே உள்ளதை உருவி எடுத்து, துண்டு எதுவும் தங்காதபடி கழுவித் தைக்கிறார்கள். உணவுக்குழாய் வழியே உள்ளே விட்ட ஒலிக்கருவி, இதயத்தின் அருகே புற்றின் நுனி எங்கே நிற்கிறது என்று திரையில் காட்டிக்கொண்டே இருக்கும்.

நுனி இதயத்தை எட்டியிருந்தால் மார்பையும் திறக்க வேண்டும். அப்போது இதய நுரையீரல் எந்திரம் வேண்டும். 1953இல் அமெரிக்காவில் ஜான் கிப்பன் ஒரு பெண்ணின் இதயத்தை அந்த எந்திரத்தின் துணையால் திறந்து சீராக்கினார். 1961இலேயே நம் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் திறந்த இதய அறுவை நடந்தது. சில நேரங்களில் உடம்பை 18, 20 பாகை செல்சியசு வரை குளிர்வித்து, குருதியோட்டத்தையே சிறிது நேரம் நிறுத்தி, குருதியற்ற வெளியில் புற்றை எடுப்பதும் உண்டு. வயிற்று அறுவையர், ஈரல் அறுவையர், இதய அறுவையர், மயக்க மருத்துவர், ஹார்மோன் மருத்துவர் ஆகிய ஐவரும் ஒரு கையின் ஐந்து விரல்போல் இயங்க வேண்டிய வேலை இது. அறுவை முடிந்த பிறகும் எச்சரிக்கை வேண்டும். ஒரு சுரப்பி அளவு மீறிச் சுரந்ததால் மற்றது உறங்கிக் கிடக்கும். அது விழிக்கும்வரை கார்டிசாலுக்கு ஈடான மருந்தைக் கொடுத்தாக வேண்டும். கொடுக்க மறந்தால், வெற்றி பெற்ற அறுவையும் உயிரைக் காக்காது.

புற்று திரும்பி வராமல் தடுக்க மைட்டோட்டேன் என்றொரு மருந்து கொடுக்கிறார்கள். இது டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லிக்கு நெருங்கிய உறவு. 1949இல் அந்த உறவுப் பொருளை நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது அவற்றின் அட்ரினல் புறணி அழிந்ததைக் கண்டனர். நஞ்சாகக் கண்டதே பின்னர் மருந்தாயிற்று. ஆயினும் நோய் பலருக்குத் திரும்பி வருகிறது. அறுவை மேசையிலேயே உயிர் போவதும் உண்டு. அதை மறைத்து இனிக்கப் பேசுவது என் நோக்கமன்று.

இனி நான் சொல்ல வந்த கருத்துக்கு வருகிறேன்.

"பத்து இலட்சத்தில் ஒருவருக்கு வரும் நோய்க்கு இத்தனை பேச்சா? லயத்தில் ஒழுகாத கூரை இல்லை, கூலி போதவில்லை, மழைக்காலத்தில் மலை சரிகிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு இதற்கு வந்தாயே!" என்று தோழர் ஒருவர் என்னைக் கடிந்தார். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் மண் சரிந்து எழுபது உயிர்கள் போயின. அதை மறந்து எவரும் எங்கள் மலையைப் பற்றி எழுத முடியாது. ஆனால் நான் கேட்பது கூரைக்கான பணத்தைப் பிடுங்கி அறுவைக்குத் தரவேண்டும் என்பதன்று. ஊருக்கொரு இதய எந்திரம் வேண்டும் என்பதும் அன்று. அப்படிக் கேட்பது பேதைமை. இத்தகைய அரிய அறுவையைப் பலமுறை செய்து பழகிய கைகளே செய்ய வேண்டும். ஐரோப்பிய மருத்துவச் சங்கங்கள் 2018இல் வகுத்த நெறியும், இந்தப் புற்றை அறுப்போர் ஆண்டுக்கு இருபதுக்கு மேற்பட்ட அட்ரினல் அறுவைகளைச் செய்பவராக இருத்தல் நன்று என்றே கூறுகிறது. மலைக்கு மருத்துவமனை வர வேண்டியதில்லை. மலையிலிருந்து மருத்துவமனைக்கு ஒரு நேர்வழி இருந்தால் போதும். அந்த வழி இன்று இல்லை. ஒழுகும் கூரையும் அடைபட்ட வழியும் ஒரே புறக்கணிப்பின் இரு கிளைகள் என்பது என் எண்ணம்.

"வந்தவர் எப்படியும் இறப்பவர்தாமே" என்று மற்றொரு பேச்சு. இந்தப் பேச்சு பழையது. டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் புற்றுநோய்க்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்று அலைந்த நாளிலும், சாகப்போகிறவர்களுக்கு எதற்கு மருத்துவமனை என்று கேட்டவர்கள் இருந்தனர். அவர் தம் உடன்பிறந்தாளைப் புற்றுக்குப் பறிகொடுத்தவர். 1952இல் அடையாற்று நிலையத்துக்கு நேரு அடிக்கல் நாட்டினார். 1954இல் பன்னிரண்டே படுக்கைகளோடு அது தொடங்கிற்று. அன்று கேள்வி கேட்டவர்களின் பெயர் இன்று எவருக்கும் நினைவில்லை. அம்மையார் நட்ட செடி மரமாகி நிற்கிறது.

வழி எப்படி அடைபடுகிறது என்று பாருங்கள். எங்கள் மலையிலிருந்து கொச்சிக்கு ஏறக்குறைய 130 கிலோமீட்டர். போடிமெட்டு இறங்கித் தேனி வழியாக மதுரைக்குப் போனால் அது 150ஐத் தாண்டும். தொலைவு இருபுறமும் ஏறத்தாழ ஒன்றுதான். ஒருபுறம் மொழி துணைநிற்கிறது. மறுபுறம் அட்டை துணைநிற்கிறது. கேரள அரசின் காருண்யா காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து இலட்ச ரூபாய் வரை மருத்துவ உதவி உண்டு. அதற்கு இம்மாநிலத்தவராக இருக்க வேண்டும். தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டுக்கு அம்மாநிலக் குடும்ப அட்டை வேண்டும். நாம் இங்கே அட்டை வைத்திருக்கிறோம். பேச்சுக்காக அங்கே போகிறோம். சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தோழர்களைக் கேளுங்கள். வாளையாற்றைத் தாண்டிக் கோயம்புத்தூருக்குப் போய், தமிழில் நோயைச் சொல்லிவிட்டு, கைக்காசை எண்ணிக் கொடுத்துவிட்டு வருகிற கதை அவர்கள் வீட்டிலும் உண்டு. 2018இல் இந்திய அரசு தொடங்கிய காப்பீட்டில் மாநில எல்லை கடந்தும் பயன்பெறும் வசதி ஏட்டில் எழுதப்பட்டிருக்கிறது. எந்த மருத்துவமனையில், எந்தச் சாளரத்தில், எந்தத் தாளை நீட்ட வேண்டும் என்று லயத்துக்கு வந்து சொன்னவர் ஒருவரும் இல்லை.

ஆகவே நான் கேட்பவை மூன்று. மூன்றும் பெரும் செலவில்லாதவை.

முதலாவது, அறிகுறி. கொதிப்பும் சர்க்கரையும் ஒருங்கே புதிதாகத் தோன்றி, முகம் உருண்டு, தொடை வலுவிழந்து, பெண்ணாயின் முகத்தில் மயிர் முளைத்தால், அந்நோயாளிக்கு மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்பக் கூடாது. இரண்டு கால்களும் சேர்ந்து வீங்கினாலும் அப்படியே. வயிற்றை ஒருமுறை ஸ்கேன் செய்து பார்த்துவிட வேண்டும். தோட்டத் தொழிலாளருக்கு முதலாளிமார் மருத்துவ வசதி செய்து தர வேண்டும் என்று 1951ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அதன் வழியே தோட்டங்கள்தோறும் மருந்தகங்கள் வந்தன. அங்கே இருப்போர் கையில் இந்தக் குறிகளை எழுதிய ஒற்றைத் தாள் ஒன்றைக் கொடுத்தால் போதும். அரிய நோயைக் கண்டுபிடிக்க அரிய கருவி வேண்டுவதில்லை. ஐயப்படும் மனம் இருந்தால் போதும்.

இரண்டாவது, எழுத்து. 'இங்கே முடியாது' என்று சொல்லும் மருத்துவர், எங்கே முடியும் என்பதையும் சொல்ல வேண்டும். அதை வாயால் மட்டும் சொல்லாமல் தாளில், நோயாளி படிக்கும் மொழியில், இடத்தின் பெயரோடும் இத்தனை நாளுக்குள் என்ற கெடுவோடும் எழுதித் தர வேண்டும். மருத்துவருக்கு இரண்டு நிமிட வேலை. வரிசையில் நூறு பேர் நிற்கும்போது அந்த இரண்டு நிமிடமும் அரிது என்பதை நான் அறிவேன். அதனால்தான் அச்சிட்ட படிவம் வேண்டும் என்கிறேன். தமிழர் மிகுதியாக வாழும் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை, சித்தூர், அட்டப்பாடிப் பகுதிகளிலாவது அது தமிழிலும் இருக்க வேண்டும்.

மூன்றாவது, நாம். ஆம், நாமேதான். ஒவ்வொரு லயத்திலும் சிற்றூரிலும் மருத்துவரின் பேச்சைக் கேட்டுச் சொல்கிற ஒரு பிள்ளை இருக்கிறான், அல்லது இருக்கிறாள். அந்தப் பிள்ளைகள்தாம் இங்கே மன்றத்தில் அமர்ந்திருக்கிறோம். நமக்கு யாரும் பயிற்சி தரவில்லை. நாமும் கேட்டுப் பெறவில்லை. ஆண்டுவிழாவில் தமிழின் தொன்மையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம். பேசட்டும், நானும் கைதட்டுவேன். ஆனால் சிரை எது, நரம்பு எது என்று நம் தாய்க்குத் தமிழில் விளக்கத் தெரியாத புலமை யாருக்குப் பயன்? நம் மன்றம் இந்த ஆண்டு ஒரு சிறு கையேடு தொகுக்கட்டும். கட்டி, புற்று, தமனி, சிரை, நரம்பு, பரவல், நுழைவு, அறுவை, ஒப்புதல் முதலிய இருநூறு சொற்கள். தமிழிலும் மலையாளத்திலும் ஆங்கில ஒலியிலும் அவற்றைத் தந்து, வீட்டுப் பேச்சில் எப்படிச் சொன்னால் பிழையின்றி விளங்கும் என்றும் எழுதலாம். "நரம்புல" என்று சொல்லாமல் "இரத்தக் குழாய்க்குள்ள" என்று சொல்லியிருந்தால் என் பெரியப்பாவுக்கு விளங்கியிருக்கும். அவ்வளவு எளிய சொல்தான். அவ்வளவு எளிய சொல் என் வாயில் வரவில்லை. தமிழ் பயில்வோரும் விஞ்ஞானம் பயில்வோரும் ஒன்றாக உட்கார்ந்தால் ஒரு பருவத்தில் முடிக்கத்தக்க வேலை இது.

மருத்துவரின் பேச்சைக் கேட்டுச் சொல்வோர்க்கு ஒரு விதியும் அந்நூலின் முதற்பக்கத்தில் இருக்கட்டும்: விளங்காததைத் திரும்பக் கேள், கேட்டதைக் குறைக்காதே, உன் அச்சத்தை அதில் சேர்க்காதே.

"பொய் நம்பிக்கை கொடுக்கலாமா?" என்று இறுதியாக ஒருவர் கேட்கக் கூடும். கொடுக்கக் கூடாது. எல்லார்க்கும் இந்த அறுவை ஏற்றதன்று. உடல் தாங்காதவர் உண்டு. நோய் கைமீறியவர் உண்டு. தாங்கக் கூடியவரும், "வேண்டாம், என் பிள்ளைகளோடு இருந்துவிட்டுப் போகிறேன்" என்று மறுக்கலாம். அது அவர் உரிமை. ஆனால் வேண்டும் என்பதும் வேண்டாம் என்பதும் உண்மையைக் கேட்டபின் அவர் வாயிலிருந்து வர வேண்டிய சொற்கள். திருக்குறளில் மருந்து என்று ஓர் அதிகாரம் உண்டு. அதில் மருத்துவத்தின் உறுப்புகளை எண்ணும்போது மருத்துவனுக்கு முன்பே நோயாளியை வைத்து எண்ணினார் வள்ளுவர். என் பெரியம்மாவை யாரும் எண்ணவில்லை. அந்த அறையில் அவரைத் தவிர எல்லாரும் பேசினோம்.

ஐந்து வாரம் கழித்து, மனம் ஆறாத பெரியப்பா படங்களை எடுத்துக்கொண்டு தமிழ்நாட்டில் ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போனார். நானும் போனேன். அங்கிருந்த அறுவையர் படத்தை விளக்கொளியில் நெடுநேரம் பார்த்தார். ஒரு தாளில் சுரப்பியையும் சிரையையும் வரைந்து, புற்று நுழைந்த இடத்தைப் பேனாவால் காட்டி, தமிழில் பொறுமையாக விளக்கினார். பெரியம்மாவை அழைத்து வரச் சொன்னார். புதிய படம் எடுத்தபோது புற்றின் நுனி இதயத்தை நெருங்கியிருந்தது; இரண்டு நுரையீரலிலும் புள்ளிகள் தெரிந்தன. அறுவைக்கு இடமில்லை என்றார்.

"முதல் படம் எடுத்த அன்றே வந்திருந்தால்?" என்று கேட்டேன்.

"முயன்று பார்த்திருப்போம் தம்பி. பிழைத்திருப்பார் என்று சொல்லமாட்டேன். முயன்று பார்த்திருப்போம்" என்றார்.

பெரியம்மா ஐப்பசி மழையில் போய்ச் சேர்ந்தார். அன்று நான் சொன்ன சொல் எதுவென்று பெரியப்பாவிடம் இதுவரை சொல்லவில்லை. இந்த இதழ் அச்சாகி வந்ததும் எடுத்துக்கொண்டு போய், அவருக்குப் படித்துக் காட்டலாம் என்று இருக்கிறேன்.

கையேட்டு வேலைக்கு வர விரும்பும் தோழர்கள் மன்றச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். முதற்பெயர் என்னுடையது. முதற்சொல் சிரை.